தணிக்கை வள்ளல்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பக்கம் தணிக்கை வள்ளல்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். வங்கியிலோ ஏஜி ஆபீசிலோ இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல் தர்மத்தையும் தட்டிப் பார்ப்பவர்கள்.

எங்கள் பிளாக்கிலும் ஒரு வள்ளல் உண்டு. குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நல்ல இடம் ஒன்றுக்கு நன்கொடை தர வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. தொகைகூட முடிவாகிவிட்டது, ஆயிரத்தொரு ரூபாய். யாருக்கு என்பதுதான் பாக்கி. அந்தப் பாக்கி நாலு மார்ச்சாக நிற்கிறது.

உண்டியலும் லேமினேட் செய்த படமுமாக, "சார், குழந்தைக்கு ஹார்ட் ஆபரேஷன்" என்று சிக்னலில் வரும் இளைஞர்கள் அவரிடம் வசமாக மாட்டிக்கொள்வார்கள். "எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் கொடுத்த எஸ்டிமேட் எங்கே? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஏன் போகலை?" பச்சை விளக்கு விழும்வரை எவனும் நின்றதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தையும் அவர் விடுவதில்லை. "இந்தக் குழந்தைக்குப் பத்து வருஷமா ஆறு வயசுதான்" என்று குடும்பக் குழுவில் போட்டு, அனுப்பிய மைத்துனரை ஒரு வாரம் வாய் திறக்காமல் செய்வார். இணையத்தில் நிதி திரட்டும் சில தளங்களில், கொடுக்கும் தொகைக்கு மேல் 'டிப்ஸ்' என்று ஒரு சதவீதம் தானாகவே ஏறி உட்கார்ந்திருப்பதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

இதெல்லாம் நியாயம். அவர் இல்லாவிட்டால் பிளாக்கில் பாதிப் பேர் ஏமாந்திருப்போம். நல்ல இடமாக ஒன்று அகப்படும்போதுதான் வினையே ஆரம்பிக்கிறது.

முறையாக நடக்கும் ஓர் அறக்கட்டளைக்குப் போன் போடுவார். பேசுகிற பெண் பொறுமைசாலி.

"ஏம்மா, வருமான வரியில 12ஏ பதிவு இருக்கா?"

"இருக்கு சார்."

"80ஜி?"

"புதுப்பிச்சாச்சு சார்."

"நிதி ஆயோக் தர்பண் நம்பர்? மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட்?"

எல்லாம் மெயிலில் வந்து சேரும். வள்ளல் பிரிண்ட் எடுத்து, பச்சை மசியில் டிக் அடித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் பேனாவை நிறுத்துவார்.

"சம்பளத்துக்கா இவ்வளவு?"

"வார்டுல ராத்திரி பூரா நர்ஸ் இருக்கணுமே சார்."

"சேவைதானேம்மா, அதுக்கு எதுக்குச் சம்பளம்?"

பென்ஷனில் அகவிலைப்படி ஒரு மாதம் தள்ளிப்போனால் டெல்லி வரை மனுப் போடுகிற மனிதர் இவர். ஊசி தானே பறந்து வந்து குத்திக்கொள்ளும் மருத்துவமனையைத் தேடுகிறார் போலிருக்கிறது.

80ஜி என்பது கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு என்பதற்கான அத்தாட்சி. உள்ளே வைத்தியம் எப்படி என்று அது சொல்லாது. போன வருஷம் எத்தனை குழந்தைகளுக்கு இலவசமாகப் பார்த்தீர்கள், யாருக்கு என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்றல்லவா கேட்க வேண்டும்? அதை மட்டும் அவர் கேட்க மாட்டார். பதில் திருப்தியாக இருந்துவிட்டால் கொடுத்துத் தொலைக்க வேண்டுமே!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பலரிடம் நிதி திரட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த அம்மையார் அன்று நம் வள்ளலின் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூணு வருஷக் கணக்கா? ஆஸ்பத்திரியையே இனிமேல்தான் கட்ட வேண்டும். 80ஜி-யா? அதற்கு இடம் தந்த வருமான வரிச் சட்டமே 1961-ல்தான் வந்தது. "வந்ததும் சொல்லி அனுப்புங்கம்மா" என்று மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்.

போன மார்ச் 31 அன்று ராத்திரி அவர் மனைவி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "ஏங்க, இத்தனை இடம் விசாரிச்சீங்களே, ஒண்ணுகூடவா தேறலை?"

"மூணு தேறியிருக்கு. அதான் பிரச்சினை."

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை மெல்லச் சொன்னார்: "மாமா, நீங்கதான் புது வரி முறைக்கு மாறிட்டீங்களே. அதுல 80ஜி கழிவே கிடையாது." வள்ளல் ஆயிரத்தொரு ரூபாயையும் அடுத்த மார்ச்சுக்கு ஒத்திவைத்தார்.

ஆனாலும் அவரால் லாபம் இல்லாமல் போகவில்லை. அவர் கேட்ட கேள்விகளையெல்லாம் அந்த அறக்கட்டளை பதிலோடு தன் வலைத்தளத்தில் போட்டுவிட்டது. அதைப் படித்துவிட்டு நானும் பிளாக்கில் சிலரும் பணம் அனுப்பினோம். மே மாதம் நன்கொடைக்கான 10பிஇ சான்றிதழ் வந்தது. வள்ளலிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலும் கீழும் படித்தார்.

"எல்லாம் சரிதான் சார். ஆனா இனிஷியலை முன்னாடி போடாம பின்னாடி போட்டிருக்காங்க பாருங்க. இப்படிப்பட்டவங்களை நம்பி எப்படிக் கொடுக்கறது?"