கொடியும் கூட்டமும்

கேள்வி: கனடா சீக்கியர் என்றாலே டி.வி.யில் தனிநாடு கேட்கும் காலிஸ்தான் கொடிதான் தெரிகிறது. அங்கே எல்லாருமே அப்படித்தானா?

பதில்: கேமரா கொடியைத் தேடித்தான் போகிறது. 2021 கணக்கெடுப்புப்படி கனடாவில் சீக்கியர்கள் சுமார் 7.7 லட்சம் பேர். லாரி ஓட்டுகிறார்கள், பண்ணை நடத்துகிறார்கள், மருத்துவம் பார்க்கிறார்கள். இதையெல்லாம் எந்தச் சேனல் 'பிரேக்கிங் நியூஸ்' போடும்?

அதற்காகத் தீவிரவாதமே கட்டுக்கதை என்று நான் சொல்லமாட்டேன். 1985-ல் ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் காலிஸ்தான் தீவிரவாதிகள் வைத்த குண்டு 329 உயிர்களைக் குடித்தது.

ஆனால் அந்தக் கும்பலை முதலில் எதிர்த்து நின்றதும் சீக்கியர்களே! வன்முறையைக் கண்டித்த வழக்கறிஞர் உஜ்ஜல் தோசாஞ்சை அதே 1985-ல் இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தார்கள். பிழைத்தார், 2000-ல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதல்வரே ஆனார். பத்திரிகை ஆசிரியர் தாரா சிங் ஹேயரை 1988-ல் சுட்டார்கள். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் பேனாவைக் கீழே வைக்காத மனிதர். கனிஷ்கா வழக்கில் போலீசுக்கு வாக்குமூலமும் கொடுத்தார். 1998-ல் சர்ரே நகரில், வீட்டு கராஜில் காரிலிருந்து நாற்காலிக்கு இறங்கும்போது சுட்டுக் கொன்றார்கள். என்னைக் கேட்டால், கனடா சீக்கியர் என்றதும் காட்டவேண்டிய முதல் முகம் அவருடையதுதான்.

கொடியை விடுங்கள், தலைப்பாகையைப் பார்த்ததுமே முடிவுகட்டினால் என்ன ஆகும்? 2001 செப்டம்பர் 15, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து நான்கே நாள், அமெரிக்காவின் மேசா நகரம். தன் பெட்ரோல் பங்க் வாசலில் செடி நடும் வேலையில் இருந்த சீக்கியரை, அரபு முஸ்லிம் என்று நினைத்து ஒருவன் சுட்டுக் கொன்றான்.