குறில் வண்டியும் நெடில் வண்டியும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து எஞ்சின்களுக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடை எதிலும் இரண்டு பேர் நின்று பேசினால், டீ ஆறுவதற்குள் பேச்சு வண்டிக்கு வந்துவிடும். வண்டிக்கு வந்தால் யமஹாவின் டூ ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ் நூறுக்கு வரும். "அந்த மாதிரி வண்டி இனிமே வராதுப்பா" என்பார் ஒருவர். "புகை, ஆயிலு, பெட்ரோலு, இதான உங்க ஆர்எக்ஸு" என்பார் மற்றவர். இந்த வழக்கு 1985 முதல் நிலுவையில் இருக்கிறது. வாய்தா மட்டும் தினமும் உண்டு.

இதற்கு ஒரு முடிவு காணும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வாளரிடம் டூ ஸ்ட்ரோக் ஒன்றும் போர் ஸ்ட்ரோக் ஒன்றும் இருக்கின்றன; இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளது. இதற்கு மேல் தகுதி கேட்பவர்கள் ஆய்வுக்கு நிதி தந்துவிட்டுக் கேட்கலாம்.

ஆய்வு நெறியாக மூன்று அதிகாரம் கொண்ட தொல்காப்பிய முறை பின்பற்றப்படுகிறது. எஞ்சினுக்கு எதற்கு இலக்கணம் என்று வினவுவோர் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு வினவுக.

எழுத்ததிகாரம்

போர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு நான்கு வேலை: உறிஞ்சு, அமுக்கு, வெடி, துப்பு. நான்கையும் முடிக்க பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கவேண்டும். அதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றியிருக்கும். டூ ஸ்ட்ரோக்குக்கும் அதே நான்கு வேலைதான். ஆனால் அது ஒரே சுற்றில் முடித்துவிடும்.

ஒன்றுக்கு ஒரு சுற்று, மற்றதற்கு இரண்டு சுற்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. இந்தப் பொருத்தத்தை ஜப்பான்காரர்களும் கவனிக்கவில்லை, புலவர்களும் கவனிக்கவில்லை. முன்னவர்களுக்குத் தமிழ் தெரியாது, பின்னவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது.

கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பர். ஆர்எக்ஸ் நூறு தன் 11 குதிரைத்திறனையும் காட்டுவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அதாவது விநாடிக்கு 125 சுற்று, 125 வெடி. அதே வேகத்தில் நெடில் வண்டி அறுபத்திரண்டரை முறைதான் வெடிக்கும். இந்த அரை வெடி எங்கே போயிற்று என்று எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டோம். "அடுத்த செகண்டுல வந்துடும் சார்" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த உரையாசிரியரிடமும் கிடைக்கவில்லை.

ஒலியைப் பொறுத்தவரை இரண்டு வண்டிகளும் ஒரே குற்றத்தைச் செய்கின்றன. ஒன்று 'டிங் டிங்' என்கிறது, மற்றது 'டுகுடுகு' என்கிறது. டகரம் மொழிமுதலில் வராது. ஆயினும் 'டுகுடுகு' குற்றியலுகரத்தில் முடிவதால் நெடில் வண்டிக்கு ஒரு மதிப்பெண் கூட்டப்படுகிறது. சைலன்சரின் உள்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு நள்ளிரவில் திருமுல்லைவாயலைக் கடக்கும் இளைஞர்கள் எழுப்புவது மூன்று மாத்திரை கொண்ட அளபெடை. செய்யுளில் ஓசை குறைந்தால்தான் அளபெடைக்கு இடமுண்டு. இவர்களுக்கு அப்படி ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

இனிப் புணர்ச்சி. நெடில் வண்டியில் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக, வால்வு திறந்து வால்வு மூடி, வரிசையில் நடக்கிறது. இது இயல்புப் புணர்ச்சி. குறில் வண்டியில் அப்படி வரிசை காக்கும் வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள்தான். பிஸ்டன் மேலே போகும்போது ஒன்றை மூடுகிறது, கீழே வரும்போது ஒன்றைத் திறக்கிறது. பழைய புகை வெளியே போகும் அதே கணத்தில் புதுப் பெட்ரோல் உள்ளே வருகிறது. இது விகாரப் புணர்ச்சி. மூன்று விகாரமும் இதில் உண்டு. பெட்ரோல் உள்ளே வருவது தோன்றல். எரிவது திரிதல். எரியாமலே புகையோடு சேர்ந்து சைலன்சர் வழியே ஓடிவிடுவது கெடுதல். உரிமையாளரின் மாதச் சம்பளம் கரைவது இந்த மூன்றாவது விகாரத்தில்தான்.

ஓடிப்போன பெட்ரோலைத் திருப்பி அழைக்க வழி கண்டவர் வால்டர் காடன் என்ற கிழக்கு ஜெர்மானியர். எம்இசட் கம்பெனியின் பந்தய வண்டிகளுக்காக, வயிறு பருத்து வால் சிறுத்த புகைக்குழாயைச் செம்மைப்படுத்தினார். வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயின் குறுகிய முனையில் மோதித் திரும்பி வந்து, தப்பியோடும் பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். 1961-இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குப் பக்கம் தப்பி, சுசுகியில் போய்ச் சேர்ந்தார். கூடவே குழாயின் ரகசியமும் ஜப்பானுக்குப் போயிற்று. மறு வருடமே 50 சிசி உலகப் பட்டத்தை சுசுகிக்கு வாங்கித் தந்தார். பட்டரவாக்கத்தில் ஒரு பையன் முறுக்கும் ஆக்ஸிலேட்டர் சத்தத்துக்குப் பின்னால் பனிப்போர்க் காலத்து உளவுக் கதை ஒன்று இருக்கிறது. அவன் அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் திட்டு குறையாது.

சொல்லதிகாரம்

குறில் எஞ்சினுக்கான டூடி ஆயில் என்பது சாரியை. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று, தனக்கென்று பொருளில்லாமல், சொல் சிக்காமல் ஓட உதவுவது சாரியையின் வேலை. டிவிஎஸ் 50-இல் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றவேண்டும். ஆர்எக்ஸில் தனித் தொட்டியும் பம்பும் உண்டு, வண்டியே கலந்துகொள்ளும். தொட்டியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது மட்டும் ஓட்டுபவர் பொறுப்பு.

ஆய்வாளர் ஒருமுறை பார்க்கவில்லை. திருமழிசை தாண்டி பூந்தமல்லி நோக்கி நாலாவது கியரில் வந்துகொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் திடீரென்று இறுகியது. யாரோ தொண்டையைப் பிடித்தது போல. அடுத்த கணம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, தார்ச் சாலையில் கோடு போட்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் ஆய்வாளர் இக்கட்டுரையை எழுத உயிரோடு இருக்கிறார். குமணன்சாவடி வரை தள்ளிக்கொண்டு போனோம். மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வழுவழுவென்று இருக்கவேண்டிய பக்கவாட்டில் நகத்தால் கீறியது போல நெடுக்குக் கோடுகள். அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தது. "ஆயிலு பாத்தீங்களா சார்?" என்றார். பதில் சொல்லவில்லை. அவரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

இங்கேதான் அம்பத்தூரின் பெருமை. பிளாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனால், போரிங் போட்டு, கொஞ்சம் பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு மாலைக்குள் வண்டியை ஓட்டலாம். குறில் எஞ்சினில் ஓடும் முக்கிய உறுப்புகள் மூன்றே: பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க். 1964 முதல் லேத் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்பேட்டைக்கு இது தொடக்கப் பள்ளிப் பாடம்.

நோய் அறிவதும் அப்படியே. பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்கவேண்டும். காப்பிப் பொடி நிறமா, நலம். ஈரமான கறுப்பா, ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெளுத்துப் போயிருக்கிறதா, பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் பத்திரம். "டாக்டரு நாக்க நீட்டச் சொல்றாருல்ல சார், அதே கதைதான்" என்று அண்ணன் இவ்வதிகாரத்தை ஒரு வரியில் முடித்துவைத்தார்.

ஒப்பிலக்கணம்

கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது அவரிடம் வண்டி இல்லை. அக்குறை இங்கே நிறைவு செய்யப்படுகிறது.

மோட்டோகிராஸ் என்பது மண்மேட்டில் ஏறித் தாவி விழுந்து எழுந்து ஓட்டும் பந்தயம். இதில் குறில் வண்டியின் ஆட்சி நெடுங்காலம் நடந்தது. எடை குறைவு, எஞ்சின் உடனே சீறும். நெடில் கட்சியின் தலைவரான ஹோண்டாவே 1973-இல் எல்சினோர் என்ற குறில் வண்டியைக் களத்தில் இறக்கவேண்டியிருந்தது. பிறகு 1997-இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி, யமஹாவின் 400 சிசி போர் ஸ்ட்ரோக்கில் வந்து ஜெயித்தார். அடுத்த ஆண்டு அதே வகை வண்டி கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் களமே நெடிலாகிவிட்டது. 2007-க்குப் பிறகு ஹோண்டா குறில் மோட்டோகிராஸ் வண்டி செய்யவில்லை. ஜப்பான் கம்பெனிகளில் யமஹா மட்டும் 125-ஐயும் 250-ஐயும் இன்றும் விடாமல் வைத்திருக்கிறது.

காரணம் இரண்டு. குறிலின் சக்தி ஒரு குறுகிய வேக எல்லைக்குள் திடீரென்று வரும்; பின்சக்கரம் மண்ணைக் கீறிச் சுழலும். நெடிலின் சக்தி அடியிலிருந்தே பரவி வரும். டயர் மண்ணைக் கவ்வும். இது இயற்கைக் காரணம். மற்றது விதி. 125 சிசி குறிலுக்கு எதிரே 250 சிசி நெடில் நிற்கலாம், 250-க்கு எதிரே 450 நிற்கலாம் என்று ஆயிற்று. முதல் கணக்கு மாத்திரை இலக்கணப்படி மிகச் சரி. இரண்டாவதில் ஐம்பது குறைகிறது. தொல்காப்பியர் நடுவராக இருந்திருந்தால் 500 என்று திருத்தியிருப்பார். குறில் கட்சி இன்னும் சீக்கிரம் தோற்றிருக்கும்.

நம் பக்கத்துப் பந்தயக் களங்கள் இரண்டு. உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த சோழவரம் பந்தயம் பழையது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு சாலையில், 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் புதியது. இரண்டும் கெட்டித் தரைத் தடங்கள். மண் பந்தயத்துக்கென்று தனித் தடம் வேண்டும் என்று இப்பகுதி மக்கள் கேட்டதில்லை. பாதாளச் சாக்கடைப் பள்ளமும் மெட்ரோ பள்ளமும் வாசலிலேயே இருக்கும்போது அப்படிக் கேட்பது கூறியது கூறல் என்னும் குற்றமாகும்.

குறில் விட்டு நெடில் ஏறிய கதை ஆவடிக்கும் உண்டு. 1965-இல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கின் எஞ்சின் டூ ஸ்ட்ரோக் என்றால் நம்புவீர்களா? லேலண்ட் எல்60. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே முட்டிக்கொள்வது போல வரும். திறன் 535 குதிரை. ஆர்எக்ஸ் நூறைப் போல ஏறத்தாழ நாற்பத்தொன்பது மடங்கு. பின்னால் அங்கே தயாரான டி-72 அஜேயாவுக்கு 780 குதிரைத்திறன் கொண்ட பன்னிரண்டு சிலிண்டர் போர் ஸ்ட்ரோக். ராணுவமே நெடிலுக்கு மாறியபின் டீக்கடை வாதம் எம்மாத்திரம்!

பொருளதிகாரம்

1985 ஒரு விசித்திரமான ஆண்டு. ஆய்வாளர்கள் கேட்காமலே வரலாறு சோதனை ஒன்றை நடத்திக் கொடுத்தது. ஒருபுறம் யமஹா ஆர்எக்ஸ் நூறு, 98 சிசி, குறில். மறுபுறம் ஹீரோ ஹோண்டா சிடி நூறு, 97 சிசி சொச்சம், நெடில். கொள்ளளவு ஒன்று, ஆண்டு ஒன்று, சாலையும் ஒன்று. குறில் 11 குதிரைத்திறன் தந்தது. நெடில் ஏழு சொச்சம் தந்தது. ஆனால் பெட்ரோல் பங்கில் குறில் இரண்டு முறை வரிசையில் நின்றபோது நெடில் ஒரு முறைதான் நின்றது.

நெடிலின் விளம்பரம் வாடிக்கையாளருக்குச் சொன்ன உபதேசம் மூன்று சொல்: நிரப்பு, மூடு, மற. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பம் இதைவிட இனிய வாக்கைக் கேட்டதில்லை. மறக்கலாம் என்று ஒரு கம்பெனிக்காரனே அனுமதி தருகிறான்! ஆய்வாளரின் திருமழிசைச் சம்பவத்தை நினைவுகூர்க. குறில் வண்டியை ஒரு வாரம் மறந்தால் அது நடுரோட்டில் நின்று நினைவூட்டும்.

ஆர்எக்ஸ் நூறின் உற்பத்தி 1996-இல் நின்றது. அதன் 135 சிசி தம்பிகள் இன்னும் சில காலம் ஓடின. புகைச் சட்டம் படிப்படியாக இறுகியது. தண்ணீர் கேனும் மீன் கூடையும் சுமந்த மொபெட்டே 2015-இல் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்று நெடிலாகப் பிறந்தபோது வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. பாடி சிக்னலில், நீலப் புகை கக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று மூச்சுப் பிடித்தவர்களுக்கு அது தெரியும். சட்டம் செய்தது சரி.

இனி நெடிலுக்கும் ஆயுள் நீளமில்லை. அம்பத்தூரிலேயே இப்போது மின்சார ஆட்டோ தயாராகிறது. அது மெய்யெழுத்து. அரை மாத்திரை, தனித்து ஒலிக்காது, பின்னால் வந்து நின்றாலும் காதுக்குத் தெரியாது.

முடிவுரை

சேகரித்த சான்றுகள் பெரும்பாலும் நெடிலின் பக்கமே. மைலேஜ், புகை, ஆயுள், பந்தயப் பட்டம், பீரங்கி வண்டி எல்லாவற்றிலும் நெடில் வென்றது. குதிரைத்திறனை விட்டால், குறில் வென்றது ஒரே ஒரு துறையில்: அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அதை வைத்திருப்பவனுக்குத் தெரியும். தெரியாமல் அதை வைத்திருக்கவும் முடியாது. மறதிக்கு இடம் தராத வண்டியை ஊர் மறக்காமல் இருப்பதில் வியப்பில்லை.

இம்முடிவை இறுதியாகச் சரிபார்க்க, கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் அன்று காலையில் இரு வண்டிகளையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்வதாகத் திட்டம். நெடில், பட்டனைத் தொட்டதும் முனகியது. குறிலைப் பதினோரு முறை உதைத்தோம். குதிரைத்திறனுக்கு ஒன்று வீதம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஈரமான கறுப்பு. துடைத்துப் போட்டும் பயனில்லை. புது பிளக் வேண்டும், கடை இருப்பது அம்பத்தூர் ஓ.டி.யில்.

நெடிலில் போய் வாங்கி வந்தோம்.