களிம்பு ஐயா

களிம்பு ஐயா எனப்படுபவர், மூலிகைக் களிம்பு டியூப் ஒன்றை எந்நேரமும் கையோடு கொண்டு திரிந்து, கண்ணில் படுகிறவர்களின் தோலில் அதைப் பூசிவிடும் இனத்தைச் சேர்ந்தவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தொழில் பென்சன் எடுப்பது. வைத்தியத் தகுதி கேட்டால், தம் பேரனார் ஒரு பரியாரியாரின் பக்கத்து வளவில் இருந்தவர் என்பார்.

யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் காணப்பட்டாலும் இவர்கள் செறிந்திருப்பது நல்லூரிலேதான். கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே போகவேண்டும். மற்ற ஊர்களில் சட்டைக்குள் ஒளிந்திருக்கும் தேமல்கள் இங்கே சந்நிதிக்கு வந்துவிடுகின்றன. மகோற்சவம் நடக்கும் 25 நாளும் வெயில், வேர்வை, நெருக்கம் மூன்றும் கூடுவதால் ஐயாவுக்கு அது பொற்காலம். அந்நாட்களில் டியூப் வேட்டி மடிக்கு இடம் மாறும். விடியற்காலை வெளிவீதி மணலில் அங்கப்பிரதட்சணம் முடித்து எழும்பும் இளைஞனைப் பின்னால் நின்று பிடிப்பார்.

"தம்பி, உதென்ன முதுகிலை?"

"மண் ஐயா."

"மண்ணுக்குக் கீழை?"

நோய் அறியும் முறை எளியது. எல்லாம் கிரந்தி. கத்தரிக்காய், நண்டு, இறால், அன்னாசி நான்கையும் உடனே நிறுத்தச் சொல்வார். கடியைத் தாங்கிக்கொள்ளும் யாழ்ப்பாணத்தான் இந்த இடத்தில்தான் கலங்குவான். "உது மூலிகை, ஒண்டும் செய்யாது" என்பது ஐயாவின் உத்தரவாதம். பல வேளைகளில் அது அப்படியே பலிக்கும்.

காரணம், கிரந்தி என்ற ஒரே பெயருக்குள் அவர் அடைத்துவைத்திருப்பவை வெவ்வேறு நோய்கள். படர்தாமரை பங்கசால் வருவது. நடு ஆற, ஓரம் வட்டமாக விரியும். ஐயா நடுவைத் தொட்டுக் காட்டி "மாறியிட்டுது பார்" என்பார். ஓரம் விரிவதைக் காட்டினால் "விசம் வெளிக்கிடுது, விடாமல் பூசும்" என்பார். தேமலுக்குக் காரணம் ஒருவகை மதுவம். அது ஒழிந்த பின்னும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும். அந்த மாதங்களிலும் ஐயா பூசிக்கொண்டிருப்பார். சொறிசிரங்கு சிற்றுண்ணியால் வருவது. வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில், கழுத்துக்குக் கீழே உடம்பு முழுதும் மருந்து பூசவேண்டும். ஐயா ஒரு விரல் நுனியளவு பிதுக்குவார்.

மூலிகையைக் குறை சொல்ல இடமில்லை. வண்டுகொல்லி இலையைப் படர்தாமரைக்குப் பூசுவது பல நாட்டு வழக்கம். பங்கசை அடக்கும் தன்மை அதற்கு உண்டென ஆய்வுகூடங்களும் கண்டிருக்கின்றன. நல்லூரில் இருந்து ஆண்ட அரசர்களின் பட்டப்பெயரிலேயே பரராசசேகரம் என்ற வைத்திய நூல் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம் கைதடியில் கற்பிக்கப்படுகிறது. அங்கே படித்து வந்தவர்கள் நாடி பார்த்து, கேள்வி கேட்டு, பிறகே மருந்து சொல்வார்கள். ஐயா முதல் இரண்டையும் மிச்சம் பிடிப்பவர்.

ஆபத்து வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. மூலிகை என்று விற்கப்படும் சில களிம்புகளில் ஸ்டீரோயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதைப் பூசினால் சிவப்பும் கடியும் இரண்டொரு நாளில் அடங்கும். பங்கசு மட்டும் தடையின்றிப் பரவும். ஐயாவின் கைராசி ஊரில் பேசப்படுவதும் இந்த இரண்டொரு நாளில்தான். மற்றது, வெளிறிய படையில் உணர்ச்சி குறைந்திருப்பது. அது தொழுநோயாக இருக்கக்கூடும். அதற்கான குளிசை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். பிந்தினால் நரம்பு பழுதாகும்.

ஐயாவோடு வாதாடிப் பயனில்லை. டியூபை இரண்டு கையாலும் வாங்கி, "பூசுறன் ஐயா" என்று சொல்லிவிட்டு, நேரே தோல் கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுப்பதே ஊர் அறிந்த வழி. டொக்டரின் மருந்தில் படை மாறியதும் ஐயா அதைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்த முதுகைத் தேடிப் போவார்.