தவணை நிலுவை குறித்து ஒரு சமூகவியல் பட்டதாரியின் பணிவான விளக்கம்

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்று, எங்கள் ஊர்க் கிளை.

பொருள்: எம்.ஏ. சமூகவியல் – கல்விக் கடன் – தவணை நிலுவை – விளக்கம் அளித்தல் தொடர்பாக.

பார்வை: அப்பாவின் செல்போனுக்குத் தாங்கள் ஓயாமல் அனுப்பும் குறுஞ்செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று சொந்த அத்தையே ஒரு தடவை கேட்டுவிட்டு ஓய்ந்துவிட்டார். தாங்கள் மாதம் தவறாமல் விசாரிக்கிறீர்கள். இந்தப் பாசத்துக்கு முதலில் என் நன்றி.

கணக்கைத் தாங்களே சரிபார்க்கலாம். வாங்கியது 6 லட்சம். ஆண்டுக்கு 3 லட்சமாக இரண்டு முறை கல்லூரிக்குப் போனது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் தவணை கிடையாது என்று தாராளமாகச் சொன்னீர்கள். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை என்பது கையெழுத்துப் போட்ட பிறகு புரிந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் ஏறி, அசல் ஏழரை லட்சமானது. இதை 15 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 8,060 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் பதினான்கரை லட்சம். என் சம்பளம் 18,000 ரூபாய். மீதியில் சென்னையில் விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் அடக்கம்.

என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். கிராமக் குடும்பங்களின் கடன் நிலை பற்றிக் கள ஆய்வு. டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாத வருமானத்துல எவ்வளவு கடனுக்குப் போகுது?" என்று வீடு வீடாகக் கேட்கிறேன். போன வாரம் ஒரு பாட்டி, "உனக்கு எவ்வளவு போகுது கண்ணு?" என்று திருப்பிக் கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பதவி உயர்வுக்கும் வழி இருக்கிறது. 'நெட்' தகுதித் தேர்வு எழுதி, முனைவர் பட்டம் முடித்து, அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆகலாம். மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதம்தான். இப்படிப்பட்டவர்களுக்கு 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே சொல்லியிருக்கிறது. சொன்னதோடு சரி.

"பி.இ. படிச்சிருக்கலாமேம்மா" என்று தாங்கள் அன்றே எச்சரித்தீர்கள். அரசாங்கமும் தங்கள் கட்சிதான். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-இல் வந்தது. தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் மட்டும். 2024-இல் வந்த பி.எம். வித்யாலக்ஷ்மியிலும் வட்டிச் சலுகையில் முன்னுரிமை அந்தப் படிப்புகளுக்கே. ஏழைப் பெண் சமூகவியல் படிப்பது ஆடம்பரம் போலும். கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கேட்கலாம் என்றும் ஆறுதல் சொன்னீர்கள். அதைக் கேட்க முதலில் வரி கட்டுமளவு வருமானம் வேண்டும் ஐயா.

ஒரு சந்தேகம். என் கடனின் வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்கும் என்றீர்கள். 2018 டிசம்பர் முதல் ஆறு ஆண்டுகள் அங்கே ஆளுநராக இருந்தவர் சக்திகாந்த தாஸ், நம் தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் முதுகலையில் படித்தது வரலாறு. ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியதும் பிறகு ஆறரைக்கு ஏறியதும் அவர் காலத்தில்தான். மாணவராக இருந்தபோது அவர் எம்.ஏ. வரலாற்றுக்குக் கடன் கேட்டுத் தங்கள் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால், முதல் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு வரும் என்றுதானே கேட்டிருப்பீர்கள்? எல்லோரும் ஆளுநர் ஆகப்போவதில்லை, நானும் ஆகமாட்டேன். எங்கள் படிப்புக்கு வருமானம் மெதுவாக ஏறும் என்பது மட்டும் நிஜம். தங்கள் அட்டவணையோ முதல் மாதமும் பதினைந்தாம் ஆண்டும் ஒன்றே என்று நம்புகிறது.

வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே கல்விக் கடனைப் பிடிக்கும் முறை 1989-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. அதை வடிவமைத்த புரூஸ் சாப்மன் ஒரு பொருளாதார அறிஞர். அதாவது சமூக அறிவியல்காரர், எங்கள் ஆள். இங்கிலாந்திலும் அதே வழிதான், ஆனால் புதிதாகச் சேரும் மாணவர்களை அங்கே 40 ஆண்டுகள் வரை விடமாட்டார்கள். அதை மட்டும் தயவுசெய்து காப்பியடிக்க வேண்டாம்.

ஆகவே, என் தவணையைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்று மாற்றி, சம்பளம் ஏற ஏறக் கூட்டிக்கொள்ளும்படி மேலிடத்துக்குப் பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் இந்த மாதத்துக்கு 1,800 ரூபாய் இன்று காலை கட்டிவிட்டேன். ரசீது இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
இன்னும் பதினான்கு ஆண்டுகளுக்குத் தங்கள் வாடிக்கையாளர்.