ஊதியமில்லாத் தரச்சோதனையாளரின் விண்ணப்பம்

அனுப்புநர்:
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாரண்டிப் பிரிவு,
கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் நிறுவனம் (பெயர் எதற்கு? தாங்கள் அறிவீர்கள்).

பொருள்: தங்கள் நிறுவனத்தில் ஊதியமின்றிப் பணிபுரிந்துவரும் தரச்சோதனையாளரைப் பணி நிரந்தரம் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் மின்னஞ்சல். 2. அதே மின்னஞ்சல், வேறு தேதியில்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அல்லது தானியங்கிப் பதில் அவர்களுக்கு,

வணக்கம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டு ஓரிடம், எஸ்.எம்.பி.எஸ். ஓரிடம், கேபினெட் ஓரிடம் என்று வாங்கிச் சேர்த்தேன். தங்கள் கார்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டி, பில்லைப் பத்திரப்படுத்தி, வீட்டில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். அன்றே தங்கள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்பது அப்போது தெரியவில்லை. நியமன ஆணையை யாரும் கையில் கொடுக்கவில்லை. வாரண்டி கார்டு என்ற பெயரில் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்தீர்கள்.

நான் செய்துவரும் பணியின் விவரத்தைச் சமூகத்தின் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

முகூர்த்தக் காட்சிக்கு வண்ணம் சரிசெய்து, இரைச்சல் நீக்கி, ரெண்டருக்குப் போடுவேன். கெட்டிமேளம் எழும் இடத்தில் திரை கறுக்கும். சில நேரம் ஓரிரு நொடியில் டிஸ்பிளே திரும்பிவிடும், எடிட்டிங் சாஃப்ட்வேர் மட்டும் காணாமல் போயிருக்கும். சில நேரம் கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் அலற, திரை கறுத்தது கறுத்தபடியே நிற்கும். இன்னும் சில நேரம் ஒரு வார்த்தை சொல்லாமல் மொத்தக் கம்ப்யூட்டரும் ரீஸ்டார்ட் ஆகும். மாப்பிள்ளை முதல் முடிச்சோடு நின்றுகொண்டிருக்கிறார். மூன்றாவதைப் போட்டது நாத்தனார் என்று சாட்சி சொல்ல ஊரே இருக்கிறது, என் ஹார்ட் டிஸ்க்கில் ஆதாரம் இல்லை. பெண்ணின் அப்பா போன் செய்து, “என்னப்பா, பென்டிரைவ் எப்ப வரும்?” என்கிறார். கிராஃபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று அவருக்கு விளக்கும் வேலையும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதற்குத் தனிப்படி கேட்கவில்லை.

திரை திரும்பும்போது மூலையில் ஒரு செய்தி வரும்: டிஸ்பிளே டிரைவர் பதிலளிப்பதை நிறுத்தியது, பிறகு மீண்டுவிட்டது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் இருக்கும் ஏற்பாடு இது. கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்து, 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், விண்டோஸ் கார்டை ரீசெட் செய்துவிடும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். மீளவே முடியாமல் போனால் நீலத் திரை. பதில் சொல்லாதவர் யார் என்பது வரை அந்தப் பதிவு சொல்லும். ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லாது. மின்சாரம் ஒரு கணம் போதாமல் போயிருக்கலாம். ராம் தப்பான எண்ணைத் திருப்பித் தந்திருக்கலாம். ப்ராசசர் தடுமாறியிருக்கலாம். டிரைவரே உளறியிருக்கலாம். கார்டே கெட்டுப்போயிருக்கலாம் என்ற சாத்தியமும் உண்டு. தங்கள் மின்னஞ்சல்களில் அது மட்டும் விட்டுப்போயிருப்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். எல்லா வழக்குக்கும் ஒரே எஃப்.ஐ.ஆர். எழுதும் ஸ்டேஷனைப் போன்றது அந்த 4101. தங்கள் பிரிவு சௌகரியமாக இயங்குவதே அதன் தயவில்தான்.

முதலில் டிரைவர். சேஃப் மோடில் போய், இன்டர்நெட் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய டிரைவரைச் சுவடில்லாமல் துடைக்கும் கருவியை ஓட்டி, ஆகப் புதிய டிரைவரைப் போடச் சொன்னீர்கள். போட்டேன். பிறகு அதற்கும் முந்தைய டிரைவரைப் போடச் சொன்னீர்கள். அதையும் போட்டேன். விண்டோஸையே புதிதாக நிறுவச் சொன்னீர்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடி அவகாசத்தை நீட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். நீட்டியதில் திரை கூடுதல் நேரம் உறைந்து நின்று, அதன் பிறகு செத்தது. கடைசியில் கார்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். பெட்டியின் மேல் ‘ஓ.சி.’ என்று பளபளவென அச்சிட்டு, சாதாரண ரகத்தைவிடக் கூடுதல் வேகம் என்று கூடுதல் விலையும் வாங்கியது தாங்கள்தான். அந்த ஓ.சி. ஓசியில் வரவில்லை ஐயா, பில்லில் இருக்கிறது.

அடுத்து வந்தது எஸ்.எம்.பி.எஸ். இந்த வரியை எழுதுவது தங்களுக்கு எவ்வளவு எளிது! ‘வேறொரு தரமான பவர் சப்ளையைக் கொண்டு சோதித்துப் பார்க்கவும்.’ வேறொன்று வீட்டில் எப்படி இருக்கும்? பரணில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒன்றை எல்லாரும் வைத்திருக்கிறார்களா? இருந்தும் பாடத்தைப் படித்தேன். மதர்போர்டின் ஸ்லாட் வழியே கார்டுக்கு 75 வாட், ஒவ்வொரு 8 பின் இணைப்பு வழியே 150 வாட் என்பது கணக்கு. ஆனால் இன்றைய கார்டுகள் அந்தக் கணக்கில் அடங்கி நிற்பதில்லை. கண் இமைப்பதைவிடக் குறுகிய நேரத்துக்குத் தம் அளவை மீறி மின்சாரத்தை உறிஞ்சும். பெரிய கார்டுகளோடு வேலை செய்யும் எஸ்.எம்.பி.எஸ்.கள், தம் திறனைப்போல இரண்டு மடங்குச் சுமையை 100 மைக்ரோசெகண்ட் வரை தாங்க வேண்டும் என்று 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரநிர்ணயம் எழுதியே வைத்துவிட்டது. ஒரு நொடியைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அதைப் பிடிக்க ஆசிலோஸ்கோப் வேண்டும். என்னிடம் இருப்பது எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியின் டெஸ்டர்.

அந்த அண்ணாச்சியை வைத்து எர்த்தைச் சரிபார்த்தேன். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குவதை விட்டுவிட்டு இரண்டு தனிக் கேபிள்கள் இழுத்தேன். மலிவான யூ.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு வடிவ அலையைத் தருவதையும், அது சில எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு ஒத்துக்கொள்ளாததையும் தெரிந்துகொண்டு, யூ.பி.எஸ்.ஸைக் கழற்றிச் சுவரிலேயே நேராகச் செருகினேன். அன்று சாயங்காலம் கரண்ட் போனது தனிக்கதை, அதைத் தங்கள் கணக்கில் எழுதவில்லை. கடன் வாங்கிய பெரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் தாலி கட்டி முடியவில்லை.

ராமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டி.டி.ஆர்.5 ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறது. அந்த வேகத்தை பயாஸில் தட்டிவிட்டால் அது ஓவர்க்ளாக், எங்கள் பொறுப்பல்ல என்கிறீர்கள். 4800க்கு இறக்கினேன். மெம்டெஸ்டை விடிய விடிய ஓட்டினேன். ஒரு பிழையும் வரவில்லை. அந்த இரவுகளுக்கு ஓவர்டைம் கோருகிறேன்.

பிறகு ப்ராசசர். இந்த இடத்தில் தங்கள் பக்கம் வலுவான சரித்திரம் இருப்பதை மறுக்க மாட்டேன். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில் விளையாட்டுகள் பாதியில் விழுந்தபோது, திரையில் வந்த செய்தி வீடியோ மெமரி போதவில்லை என்பது. கையில் முரட்டு கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி. பழி கார்டின் மேல் விழுந்தது, குற்றவாளி ப்ராசசர். மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதும் ஒரு காரணம் என்று 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே சேதமான சிப்பை அந்தத் திருத்தத்தால் குணப்படுத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னது. இத்தனையையும் தாங்கள் எனக்கு நினைவூட்டியிருந்தீர்கள். என்னுடையது அந்த ரகமே அல்ல என்று எழுதினேன். ‘தகவலுக்கு நன்றி. பயாஸை அப்டேட் செய்யவும்’ என்று பதில் வந்தது.

துறைத் தேர்வுக்குப் படிப்பவன்போல நானும் கொஞ்சம் சரித்திரம் படித்தேன். 2020 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 3080 விற்பனைக்கு வந்த கையோடு, வேகம் உச்சத்தைத் தொடும்போது விளையாட்டுகள் விழுந்தன. உலகமெங்கும் பலர் தம் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், கார்டின் பின்புறத்துக் கெப்பாசிட்டர்களைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் என்விடியா புதிய டிரைவர் விட்டதும் பலருக்குக் கோளாறு அடங்கியது. 2022 கடைசியில் ஆர்.டி.எக்ஸ். 4090இன் மின் இணைப்பான்கள் சில உருகின. முழுதாகச் செருகாததுதான் காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. காரணம் அதுவாகவே இருக்கட்டும். அடுத்த ஆண்டே அந்த இணைப்பானின் உணர் பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுதாகச் செருகினால்தான் கார்டு மின்சாரம் எடுக்கும்படி வடிவத்தையே திருத்தினார்கள். தப்பு முழுக்க வாங்கியவன் கையில் என்றால், குட்டையாக வேண்டியது அவன் விரல்தானே, பின் ஏன் குட்டையானது? இந்தக் கேள்வியைத் தங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பினேன். அதற்கும் பயாஸை அப்டேட் செய்யச் சொன்னீர்கள்.

இனி என் பணிக்காலத்தின் முக்கியச் சாதனைக்கு வருகிறேன். நண்பர் ஒருவரின் கார்டை என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அதே முகூர்த்தம், அதே ரெண்டர். மூன்று முடிச்சும் விழுந்தது, அட்சதை விழுந்தது, பந்தி வரை போய்விட்டது. தங்கள் கார்டை அவர் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கெட்டிமேளத்தில் திரை கறுத்தது. இதற்கு மேல் சோதனை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா? இருக்கிறது என்று தங்கள் பதில் தெரிவித்தது: நண்பரின் கம்ப்யூட்டரிலும் கோளாறு இருக்கக்கூடும். அவருடைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றிப் பார்க்கவும்.

ஆக, நண்பரையும் வேலைக்கு எடுத்துவிட்டீர்கள்.

கடைசியாகக் கார்டைச் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுவர அனுமதி கிடைத்தது. பெட்டியோடு, உள்ளே இருந்த தெர்மோகோலோடு. டோக்கன் வாங்கிக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். குளுகுளு ஏ.சி. அறை. மேசைமேல் கேபினெட் இல்லாமல் திறந்து கிடக்கும் மதர்போர்டு. திரையில் ரோமம் முளைத்த வளையம் ஒன்று சுழல்கிறது. ஒரே சீராகச் சுமையேற்றும் சோதனை அது. கார்டும் சீராகவே ஓடியது. என் கார்டு சீரான சுமையில் விழுவதில்லை ஐயா. சுமை ஏறும்போதும் இறங்கும்போதும், இரண்டு காட்சிகளுக்கு நடுவில் சட்டென்று ஓய்ந்து மறுபடி பாயும்போதும்தான் விழுகிறது. எங்கள் வீட்டு அக்னி நட்சத்திரத்தில், மூடிய கேபினெட்டுக்குள். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ரிப்போர்ட் அச்சாகி வந்துவிட்டது: பழுது ஏதும் காணப்படவில்லை. அடியில் இன்னொரு வரி: பின்தகட்டில் கீறல் காணப்படுகிறது. ஒன்றைத் தேடினால் இன்னொன்றாவது கிடைக்கிறதே என்று கவுண்டரில் இருந்த தம்பியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல பையன். அவரையும் நிரந்தரம் செய்யுமாறு இந்த விண்ணப்பத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எனவே, மேற்கண்ட பணிகளைக் கருத்தில் கொண்டு, தொகுப்பூதியத்திலாவது என்னைத் தரச்சோதனைப் பிரிவில் நியமிக்கவும், என் படுக்கையறையைத் தங்கள் கிளை ஆய்வகமாக அறிவிக்கவும், கோடைக்கால வெப்பப்படி, ரிச்சி ஸ்ட்ரீட் பயணப்படி ஆகியவற்றை முன்தேதியிட்டு வழங்கவும் வேண்டுகிறேன்.

பணியாளர் என்ற உரிமையில் ஒரு யோசனையும் உண்டு. கார்டிலேயே வெப்பம், வோல்டேஜ், இழுக்கும் வாட் எல்லாவற்றையும் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. இலவச மென்பொருளில் நானே அவற்றைப் பார்க்கிறேன். விழுவதற்கு முந்தைய சில நொடிகளின் அளவுகளைக் கார்டே எழுதி வைத்துக்கொள்ளும்படி செய்யக் கூடாதா? குறைந்தது மின்சாரம் பிசகியதா, சூடு ஏறியதா என்றாவது தெரிந்துபோகும். பாதி மின்னஞ்சலுக்கு வேலை இருக்காது. அது யாருக்கு நஷ்டம் என்பதைத் தாங்களே நிதித் துறையோடு கலந்து முடிவு செய்யலாம்.

பணி நிரந்தரம் சாத்தியமில்லை என்றால் ராஜினாமாவுக்கும் தயார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. முதல் படியாக 1915க்கு போன் செய்தாயிற்று. சோதித்துப் பார்க்காமல் குறையை அறிய முடியாத பொருள் என்றால் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கே ஆசிலோஸ்கோப் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தற்காலிகப் பணியாளர்.

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட் நகல், ஈவென்ட் வியூவர் பதிவுகள், ஒரு கட்டு. கார்டு இணைக்கப்படவில்லை, ஆய்வகத்துக்குத் தேவைப்படும்.