பில் இல்லாத தறி

உடுதுணித் தொழில் கார்பனைக் குறைக்க வேண்டுமாம். இலங்கையில், துல்ஹிரியவில் மாஸ் ஆடை நிறுவனம் 2008இலேயே மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்காகப் பச்சைத் தொழிற்சாலை கட்டிவிட்டது. பெரியவர்கள் கதை முடிந்தது. இனிச் சின்னவர்கள் முறை.

கண்டிக்குக் கிழக்கே ஹேனவலவில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். ஹண இலையைச் சுரண்டி நாரெடுத்து, சப்பங்கிக் கட்டையில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் காய்ச்சி, தரையோடு உட்கார்ந்து கைத்தறியில் நெசவு. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இதைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை. டவுனில் தையல் மெஷின்கள் வாயடைத்து நின்றன. இந்தத் தறிகளுக்குச் செய்தியே போயிருக்காது.

ஆனாலும் இவர்களுக்குக் கார்பன் குறைப்புப் பயிற்சி கொடுக்காமல் விடலாமா? ஏசி வானில் ஒரு நிபுணர் மகாவலியைத் தாண்டி வந்தால், சாயப் பானைக்கடியில் விறகு எரிவதையாவது கண்டுபிடிப்பார். அப்புறம் செயலமர்வு, பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர், பெனர் பின்னணியில் குரூப் போட்டோ. கடைசியில் சலுகைக் கடன் படிவம். அதன் அடியில் பொடி எழுத்தில்: கடந்த 12 மாத மின்கட்டணப் பட்டியல்களை இணைக்காத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்.