தொங்க ஓர் இடம்

படுக்கையறை அலமாரிக்கு அளவெடுக்க வந்த ஆசாரி, "உள்ளே 2 அடி ஆழம் வேணும் சார், ஹேங்கரே ஒண்ணரை அடி" என்றார். அறை சின்னது என்று 18 அங்குலத்துக்குப் பேரம் பேசி ஜெயித்தேன். பலகை ஒத்துக்கொண்டது, தோள்பட்டை ஒத்துக்கொள்ளவில்லை. சட்டைகள் இப்போது டவுன் பஸ் படிக்கட்டுக் கூட்டம்போல ஒருக்களித்துத் தொங்குகின்றன, கதவைச் சாத்த முடிவதில்லை.

சட்டைக்கு மூன்றரை அடி, நீள அங்கிக்கு 5 அடி உயரம் விடவேண்டுமாம். விட்டோம். நீள அங்கி போடுகிறவர் எங்கள் வீட்டில் யாருமில்லை என்பது பெயின்ட் காய்ந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஒட்டடைக்கம்பு நிமிர்ந்து நிற்கிறது. ராடின் நடுவில், கல்யாண வரவேற்பில் ஒரே ஒரு சாயங்காலம் போட்ட கோட்டு, உறை கலையாமல். (பொத்தான் போட வயிறு விடாது, தூக்கிப்போட மனசு விடாது.)

தினசரி உடுத்தும் துணியா? அது வழக்கம்போல அறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில்.